பேஸ் கிடாரை யார் காதால் தேர்ந்தெடுப்பது?

சென்னையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம்கள், ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கும் தேவாலயக் குழுக்கள், கல்யாண வரவேற்புகளுக்குப் போகும் மெல்லிசைக் குழுக்கள் என்று சுற்றிவந்தால் பேஸ் கிடார் வாசிக்கும் அமெச்சூர் கலைஞர்களை நிறையப் பார்க்கலாம். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பலர் ஆறு கம்பி கிடாரில் தொடங்கி, குழுவில் பேஸுக்கு ஆள் இல்லை என்பதால் நான்கு கம்பிக்கு வந்தவர்கள். அவர்கள் வாசிப்பதையும், அவர்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பவர்களின் வேலையையும் கவனித்துவந்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. எந்தக் கிடார், எந்த ஆம்ப், எந்தப் பெடல் என்ற யோசனைக்கு இவர்களிடம் குறைவில்லை. ஆனால் அந்த யோசனை பெரும்பாலும் குழுவுக்கு வெளியே நடக்கிறது. கடையில் தனியாக உட்கார்ந்தோ, வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டோ வாசித்துப் பார்த்துத் தன் காதுக்கு இனிப்பதை வாங்குகிறார்கள். வேறு எந்தக் கருவியையும்விட பேஸ் கிடாரில் இந்த வழி ஏமாற்றிவிடும். டிரம்ஸ், கீபோர்டு, பாட்டு எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது அது என்ன வேலை செய்கிறது என்பதே அதன் தரம். அந்த வேலையைக் கேட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் கருவி பிறந்த விதமே இதற்கு முதல் சான்று. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன அமெரிக்க நடனக் குழுக்களில், மின் கிடாரும் டிரம்ஸும் ஓங்க ஓங்க, பேஸ் வாசிப்பவரின் ஒலி கேட்காமலே போனது. 1930களில் சியாட்டிலில் பால் டட்மார்க் ஃபிரெட் வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையிலிருந்து வளர்ந்த லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் என்ற ஆம்பையும் விற்பனைக்கு விட்டார். ஃபெண்டர் கிடார் வாசிக்கத் தெரியாதவர். வாசிப்பவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் கருவிகளைத் திருத்தினார். குழுவுக்குள் பேஸ் காணாமல்போகிறது என்ற குறையைத் தீர்க்கவே கருவியும் ஆம்பும் உருவாயின. 34 அங்குலக் கம்பி நீளம், கெட்டியான மர உடல், 1957இல் வந்த இரண்டாகப் பிரிந்த பிக்கப் ஆகியவை இன்றும் பெரிதாக மாறாமல் நீடிக்கின்றன. குழுவின் தேவைக்கு ஒருமுறை சரியாக விடை கண்டுவிட்டதால்தான் அவற்றை மாற்றும் அவசியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

தனியாகக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு நம் காதின் இயல்பே காரணம். பேஸின் தடித்த ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை மனிதக் காது மந்தமாகவே உணர்கிறது. ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது அளவுகளோடு தெரிந்த செய்தி. மெல்லிய சத்தத்தில், 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 40 டெசிபலுக்கு மேல் கூடுதல் தேவை. சத்தம் ஏற ஏற இந்த இடைவெளி சுருங்குகிறது. இதன் விளைவை ஜாம் ரூம்களில் கண்கூடாகப் பார்க்கலாம். வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் மெதுவாக வாசிப்பவர், பேஸ் குமிழைக் கூட்டி, நடு அலைகளைக் குறைத்து, உருண்டு திரண்ட ஓர் ஒலியை அமைத்துக்கொள்கிறார். அதே அமைப்பில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் வாசித்தால் அறை முழுதும் இரைச்சல் மட்டும் நிறைகிறது. எந்தச் சுரம் வாசிக்கிறார் என்று பாடுபவருக்குத் தெரிவதில்லை. அறையின் அளவும் சேர்ந்து குழப்புகிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.3 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள சிறிய அறையில் அந்தச் சுரம் மட்டும் வீங்கி ஒலிக்கும். அடுத்த சுரம் இளைத்துவிடும். ஆம்பை மாற்றினாலும் இது தீராது. ஆம்பை வைத்திருக்கும் மூலையை மாற்றினால் பல சமயம் தீர்ந்துவிடுகிறது. கடை விளக்கில் எடுத்த சேலை வெயிலில் வேறு நிறம் காட்டுவதைப் போன்றது இது. சேலையைக் குறைசொல்லிப் பயனில்லை.

குழுவில் பேஸுக்கென்று காலியாக விட்ட இடமும் கிடையாது. கிக் டிரம்மின் குத்து கீழ் அலைகளில் உட்கார்ந்திருக்கிறது. ஆறு கம்பி கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கீபோர்டு வாசிப்பவரின் இடது கை, பெரும்பாலும் தன்னையறியாமலே, பேஸ் வாசிக்கும் சுரங்களையே தானும் வாசித்துக்கொண்டிருக்கிறது. இந்த நெரிசலில் பேஸின் சுரம் தெளிவாக விழுவது அதன் அடியொலியால் மட்டும் இல்லை. விரல் கம்பியை விட்டு விலகும் கணத்தின் சின்ன உறுமல், சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸ்வரை எழும் மேலலைகள் ஆகியவற்றால்தான் சுரம் பிடிபடுகிறது. செல்பேசி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் அதில் பாட்டுக் கேட்பவருக்கு பேஸ் எங்கே நகர்கிறது என்று தெரிகிறது. மேலலைகளை வைத்து அடிச்சுரத்தை மூளையே ஊகித்துக்கொள்கிறது. தனியாக வாசிக்கும்போது கரடுமுரடாகத் தோன்றும் நடு அலைகள்தான் குழுவில் சுரத்தைச் சுமந்து செல்கின்றன. அனுபவமுள்ள சவுண்ட் ஆபரேட்டர் பேஸ் கேட்கவில்லை என்ற புகார் வந்ததும் பேஸ் குமிழைத் தொடமாட்டார். கீபோர்டின் கீழ்ப் பகுதியைக் குறைப்பார், பேஸின் நடு அலையைச் சற்று உயர்த்துவார். மேடையில் ஆம்ப் எதுவாக இருந்தாலும், டிஐ பாக்ஸ் வழியாக நேரே மிக்சருக்கு வரும் ஒலியைத்தான் சபை கேட்கிறது. ஆம்புக்காகக் கொட்டிய பணத்தின் பயன் பல மேடைகளில் வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டுவதில்லை.

வாட்ஸ் கணக்கும் அப்படித்தான். 200 வாட்ஸ் ஆம்பை விற்று 400 வாட்ஸ் வாங்கினால் ஒலி இரட்டிப்பதாகப் பலர் நம்புகிறார்கள். சக்தி இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட்ஸில் எஸ்விடி என்ற பெரும் ஆம்பைச் செய்தபோது, பெரிய அரங்குகளில் இன்றுள்ளதுபோன்ற ஒலிபெருக்கி அமைப்புகள் கிடையாது. மேடையிலிருந்தே அரங்கை நிரப்ப வேண்டியிருந்தது. சபைக்கு மிக்சர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வாசிப்பவருக்குத் தேவை, தானும் டிரம்ஸ் வாசிப்பவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அளவு ஒலி. அதைக் கொடுக்க மூன்று கிலோகூட இல்லாத டி கிளாஸ் ஆம்பும் நல்ல ஸ்பீக்கர் ஒன்றும் போதும். பேருந்திலும் ஸ்கூட்டரிலும் சாமான் சுமக்கும் அமெச்சூர் கலைஞருக்கு எடையும் ஓர் இசைக் காரணம்தான். தூக்க முடியாத ஆம்ப் பயிற்சிக்கு வராது. பயிற்சியில் குழு கேட்டுப் பழகாத ஒலி கச்சேரியில் உதவாது.

கருவியைவிடக் கம்பியிலும் கையிலுமே ஒலி அதிகம் தீர்மானமாகிறது என்பதற்கு டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சனைவிட வலுவான சாட்சி இல்லை. 1960களில் மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களில் அவர் வாசித்தது சாதாரண பிரிசிஷன் பேஸ். கம்பிகள் தட்டையாகச் சுற்றிய வகை. அவற்றை மாற்றுவதே அரிது. கம்பி நெடுநேரம் அதிராமல் அடக்க, கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் மூடிக்குள் ஸ்பாஞ்ச். வலது கையில் பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரல். ஒலி நேரே மிக்சருக்குப் போனது. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் கரோல் கே அதே வகைக் கருவியைப் பிக் கொண்டு வாசித்து முற்றிலும் வேறு ஒலியை எழுப்பினார். ஒரே மாதிரி மரமும் பிக்கப்பும் இரண்டு கைகளில் இரண்டு குரலாயின. பழுது பார்ப்பவரின் மேசையிலும் இதே உண்மைதான் தெரிகிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 75 கிலோ விசையில் இழுக்கின்றன. சென்னையின் ஈரக் காற்றில் மரம் அசைகிறது, வியர்வையில் கம்பி துருவேறுகிறது. கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகாமல் கழுத்தை நேராக்கி, கம்பி உயரத்தைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கி, அங்கே அழுத்தினால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழுகிறதா என்று பாலத்தைத் திருத்தினால், மலிவான கருவி பல சமயம் விலையுயர்ந்த கருவியோடு நிற்கிறது. இந்தச் சர்வீஸ் வேலையைச் செய்பவர்கள் குழுவின் பெயரில்லாத உறுப்பினர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூலியைச் சிக்கனப்படுத்திவிட்டுப் பெடல் வாங்குவது தவறான கணக்கு.

நல்ல கருவி கையில் இருந்தால்தானே வாசிக்கத் தோன்றும் என்று கேட்பார்கள். உண்மைதான். கையை வலிக்கச் செய்யும் கருவி ஆளையே விரட்டிவிடும். ஆனால் வாசிக்கத் தூண்டும் குணங்கள் கழுத்தின் வடிவம், கம்பியின் உயரம், தோளில் தொங்கும்போது முனை சாயாத சமநிலை ஆகியவை. இவை எந்தப் பெயர்ப் பலகைக்கும் சொந்தமில்லை. இயந்திரம் மரத்தைத் துல்லியமாகச் செதுக்கும் இந்தக் காலத்தில் குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் பேஸை வாங்கியபோது, கையிலிருந்த பணத்துக்கு அது கட்டுப்படியானது. இடக்கையால் வாசித்தாலும் அதன் வடிவம் உறுத்தவில்லை. அந்தத் தேர்வு அவருடைய குழுவுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. ஐந்து கம்பி வேண்டும் என்பது அடுத்த வாதம். பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப டி, சி என்று இறங்கும்போது நான்கு கம்பியில் அடிச்சுரம் கிடைக்காது என்கிறார்கள். கூடுதல் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் ஒலிக்கிறது. அதன் அடியொலியை சிறிய மேடைகளின் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. ஆழத்துக்காக அதை வாங்கினால் ஏமாற்றம்தான். ஆனால் பாடகர் கடைசி நிமிடத்தில் சுருதியை மாற்றினாலும் கையைக் குதிக்கவிடாமல் ஒரே இடத்தில் வைத்து வாசிக்க ஐந்தாம் கம்பி உதவுகிறது. தேவாலயக் குழுக்களிலும் மெல்லிசை மேடைகளிலும் இது அன்றாடத் தேவை. அங்கே ஐந்து கம்பி நியாயமான தேர்வு. அந்த நியாயமும் குழுவின் வேலையிலிருந்தே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. குழுவின் வேலை, குழுவின் வேலை என்று சொல்லிச் சொல்லி பேஸ் வாசிப்பவரை ஏவலாளாக்கிவிடுகிறோமா? அவருக்கென்று குரல் வேண்டாமா? தமிழ் ரசிகர்கள் இந்தக் கேள்விக்கு விடையைக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கிறது. சசிதரன் வாசித்த அந்த வரிகளைப் பாட்டை விட்டுவிட்டுத் தனியாக முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது? வயலின், குழல், தாளம் என எல்லாவற்றுக்குமான சுரங்களையும் ஒருவரே தாளில் எழுதுகிறார். எது எப்போது ஒதுங்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். மற்றவை வழி விடும் இடத்தில் பேஸ் பாடுகிறது. ஃபிரெட்டுகள் இல்லாத ஜாஸ் பேஸில் ஜாகோ பாஸ்டோரியஸ் 1976 முதல் வெதர் ரிப்போர்ட் குழுவில் வாசித்தபோதும், பாலத்துக்கு அருகிலுள்ள பிக்கப்பின் நடு அலை மிகுந்த ஒலியைத்தான் முன்வைத்தார். தனிக் குரல் தேடியவரும் குழுவுக்குள் கேட்கும் ஒலியையே தேர்ந்தெடுத்தார். குழுவைக் கேட்பதால் பேஸின் குரல் நசுங்குவதில்லை. அந்தக் குரல் எழும்ப வேறு வழியே கிடையாது.

இத்தனைக்கும் மேலாக, இது மகிழ்ச்சிக்காக வாசிப்பது, பிடித்ததை வாங்கட்டுமே என்றும் சொல்லலாம். பிடித்த நிறத்தையும் வடிவத்தையும் நான் மறுக்கவில்லை. தினமும் கையிலெடுக்கப்போகும் பொருள் கண்ணுக்கும் நிறைவாக இருக்கட்டும். ஆனால் அமெச்சூர் குழுவின் மகிழ்ச்சி எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டைச் சரியாக நிறுத்தும் கணத்தில் இருக்கிறது. தொழில்முறைக் கலைஞர்களைவிட இவர்களுக்குச் சேர்ந்து வாசிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வாடகைக்கு எடுத்த இரண்டு மணி நேரத்தில் அரை மணியைக் குமிழ் திருகுவதில் கழிப்பவர், மற்ற நால்வரின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார். ஆகவே பேஸ் வாங்கப் போகிறவர் டிரம்ஸ் வாசிப்பவரையும் உடன் அழைத்துப் போக வேண்டும். முடிந்தால் ஒரு பயிற்சிக்குக் கருவியை இரவல் வாங்கி, பாடுபவரைத் தூரத்தில் நிற்கவைத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். பணத்தை முதலில் கழுத்தும் கம்பி உயரமும் ஒழுங்கான கருவிக்கும் சர்வீஸுக்கும், பிறகு புதுக் கம்பிக்கும் டியூனருக்கும் டிஐ பாக்ஸுக்கும், அதன் பிறகே ஆம்புக்கும் ஒதுக்க வேண்டும். பெடல் கடைசி. குழுவுக்குப் பொதுவான ஒலிக்கு ஐவரும் பணம் போடுவது இன்னும் நல்லது. பேஸின் ஒலியால் பயன்பெறுவது முழுக் குழு. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் செலவையும் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமும் இல்லை, நல்ல இசைக்கு வழியும் இல்லை.