டீச்சரும் நானும்

சமஸ்கிருத டீச்சர் போன வாரம் காலமானார். கொள்ளிடக் கரையில் எல்லாம் முடிந்து திரும்பும்போது ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உத்தர வீதியில் அவர் வீட்டுத் திண்ணையில்தான் ராம சப்தம் படித்தேன். எட்டு வேற்றுமை, ஒவ்வொன்றிலும் ஒருமை, இருமை, பன்மை. மொத்தம் இருபத்துநான்கு வடிவங்கள். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டதே இல்லை, காத்திருப்பார். தமிழில் இல்லாத அந்த இருமை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணு ரெண்டு, கை ரெண்டு. இப்போ இங்க நீயும் நானும் ரெண்டு பேர். அதுக்குன்னு ஒரு சொல் வேண்டாமாடா?" என்றார். இலக்கணம் எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ஆசிரியர் சொன்னதை மாணவர் எழுதிவைத்தால்தான் அது நிற்கும். நம்பிள்ளை சொல்லச் சொல்ல அவர் மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததால் திருவாய்மொழியின் உரையான ஈடு நமக்குக் கிடைத்தது. அதுவும் இதே ஸ்ரீரங்கத்தில். திருச்சியில் பலருக்குப் பாடம் சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவர் சரித்திரத்தின் முதல் பாகத்தை அவருடைய மாணவர் உ.வே.சா. வெளியிட்டது 1933இல். ஐம்பத்தேழு வருடம் ஆன பிறகும் அந்த மாணவருக்கு ஆசிரியர் மறக்கவில்லை.

எனக்கு அவ்வளவு நினைவாற்றல் கிடையாது. டீச்சரிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அவர் சொன்னது ஒரு வரி நினைவிருந்தாலும் இன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.