நூறு வோல்ட் பெட்டி

இந்த மலரில் கவிதை எழுத நிறைய பேர் இருக்கிறீர்கள். எனக்குக் கவிதை வராது. எனக்கு வந்தது அரியர்தான், அதுவும் இரண்டு. அந்த அரியருக்கும் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டிக்கும் உள்ள சம்பந்தத்தைத்தான் எழுதப் போகிறேன்.

என் ஊர் மாமல்லபுரம். அப்பா சிற்பப் பட்டறையில் கூலிக்கு உளி பிடிப்பவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். காலேஜ் செங்கல்பட்டில் என்பதால் வார நாட்களில் கொளவாய் ஏரிப் பக்கம் இருக்கும் மாமா வீட்டில் தங்குகிறேன். மாமா கொத்தனார் மேஸ்திரி. என் பீஸைக் கட்டுவதும் அவர்தான்.

போன வருஷம் மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. கணக்கு போச்சு, சர்க்யூட்ஸும் போச்சு. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ஓட்டலில் ரூம் பாய் வேலை இருப்பதாக நண்பன் சொன்னான். படிப்பை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து மாமாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"வுடுடா. நம்ம குடும்பத்துக்கும் மிஷினுக்கும் ராசி இல்ல. பரண்ல ஒண்ணு கிடக்குது பாரு, அதான் சாட்சி."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பரணில் ஏறிப் பார்த்தேன். பழைய சேலையில் சுற்றி ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நிண்டென்டோ கம்பெனியின் சூப்பர் ஃபாமிகாம். ஜப்பானில் 1990-ல் வெளிவந்தது. கூடவே ஒரே ஒரு கேசட், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. கேப்காம் கம்பெனி 1991-ல் காசு போட்டு ஆடும் மிஷினாக விட்ட சண்டை விளையாட்டு அது. 1992-ல் வீட்டுக் கேசட்டாக வந்தது. அதன் மொத்த அளவு 16 மெகாபிட், அதாவது 2 எம்.பி. இன்று நாம் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரியதாக இருக்கும்!

மாமா 1995-ல் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தபோது சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் இதை வாங்கினாராம். தங்கச்சிக்காக, அதாவது என் அம்மாவுக்காக. அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. தெருவே கூடி நிற்க பிளக்கில் சொருகியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அடாப்டரிலிருந்து புகை. தாத்தா எல்லார் எதிரிலும், "எட்டாவது படிச்சவனுக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் பரணில் ஏறிய பெட்டி பிறகு இறங்கவே இல்லை.

அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்துக்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது: 100 வோல்ட். ஜப்பானில் வீட்டுக் கரண்டே 100 வோல்ட்தான். நமக்கு 230. நூறு வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மருக்கு 230 கொடுத்தால் இரும்பு கோர் சாச்சுரேட் ஆகும், கரண்ட் பல மடங்கு ஏறும், பிரைமரி சுற்று எரியும். நான் பெயிலான அதே பாடம்! பரீட்சையில் வராத விடை பரண் மேல் உட்கார்ந்து வந்தது.

மறுநாள் லேபில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். பிரைமரி ஓப்பன். பெட்டியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் ஒத்து வரவில்லை, அந்த ஸ்க்ரூவின் தலையே வேறு மாதிரி. பால்பாயிண்ட் பேனாக் குழாயின் முனையை மெழுகுவர்த்தியில் இளக்கி, ஸ்க்ரூ மேல் அழுத்தி, ஆறவிட்டுத் திருகினேன். உள்ளே 7805 ரெகுலேட்டர். 35 வோல்ட் வரை தாங்கும் ஐ.சி. அது. காவலுக்கு அது நின்றதால் மற்றவை பிழைத்திருக்கின்றன.

அவசரத்தில் ஒரு சாதாரண 9 வோல்ட் அடாப்டரைச் சொருகப் போனேன். லேப் சார் கையைப் பிடித்தார். "போலாரிட்டி பார்த்தியா?" நம்மிடம் சாதாரணமாகக் கிடைக்கும் அடாப்டரில் பின்னின் நடுவில் பாசிட்டிவ். இந்தப் பெட்டிக்கு நடுவில் நெகட்டிவ் வேண்டும். மாமா செய்த தப்பையே நானும் செய்ய இருந்தேன். டிப்ளமோ படிக்கிற நானே இப்படி என்றால், எட்டாவது படித்த மாமாவை என்ன சொல்வது? வயரை வெட்டி மாற்றி ஒட்டினேன்.

அன்று இரவு மாமா வீட்டு டிவியில் படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். நம் டிவி பால் முறை, பெட்டி என்.டி.எஸ்.சி. மெனுவில் மாற்றியதும் கலர் வந்தது. மாமா கையில் இருந்த டீ ஆறிப்போனது.

"மாமா, இது உங்க தப்பும் இல்ல, ராசியும் இல்ல. வோல்டேஜ். அவ்ளோதான்."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதுல நம்ம ஆளு யாராவது இருக்கானா?" என்றார்.

இருக்கிறார்! எட்டு வீரர்களில் தால்சிம் இந்தியர். கை கால் ரப்பர் போல நீளும், வாயில் நெருப்பு வரும். அவர் ஆடும் இடத்தில் பின்னால் யானைகள் நிற்கும். வெளிநாட்டுக்காரன் கற்பனை அப்படி! நெருப்பு விட, பட்டனைக் கீழே அழுத்தி, அப்படியே சாய்வாக உருட்டி, முன்னால் கொண்டு வந்து, குத்து பட்டனைத் தட்ட வேண்டும். மாமாவின் காய்ப்புக் காய்த்த கட்டைவிரலுக்கு அது வரவில்லை. இருபது தடவை தோற்றார். திடீரென்று, "அட, கலவைய கரண்டில அள்ளி சுவத்துல அடிக்கிற மாதிரிதானே?" என்றார். அதன் பிறகு அவர் விட்ட நெருப்பை என்னால் தாங்க முடியவில்லை.

இந்த ஆட்டத்தில் 'காம்போ' என்று ஒன்று உண்டு. ஓர் அடி முடியும் முன்பே அடுத்ததைச் சேர்த்தால் எதிரியால் தடுக்க முடியாது. முதலில் இது திட்டமிட்டு வைத்ததில்லையாம். சோதனையின்போது தற்செயலாகக் கண்ணில் பட்டதை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு வந்த சண்டை விளையாட்டுகளுக்கெல்லாம் அதுவே அடிப்படை ஆகிவிட்டது.

பொங்கலுக்கு மாமாவும் நானும் பெட்டியைத் துணிப்பையில் போட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் ஊருக்குக் கொண்டு போனோம். அம்மா பார்த்ததும், "அண்ணே, திரும்பவும் புகையா?" என்று இரண்டடி தள்ளி நின்றார். படம் வந்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்தார். சுன்-லி என்ற சீனப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, கண்ட பட்டனையும் அமுக்கி, மாமாவை இரண்டு ரவுண்டும் அடித்துப் போட்டார்! முப்பது வருஷம் காத்திருந்த அடி அல்லவா?

அப்பா மட்டும் ஆடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நம்ம மகிஷாசுரமர்த்தினி குகையில இருக்கறதும் இதுதான் மச்சான். ஒரு பக்கம் சிங்கத்து மேல அம்மன், எதிர்ப்பக்கம் கதையோட எருமைத் தலைக்காரன். அவன் உடம்பு பின்னால சாயுது பாரு, அங்கேயே தெரிஞ்சிடும் யார் ஜெயிப்பாங்கன்னு."

அந்த ராத்திரி மொட்டைமாடியில் மாமா கேட்டார், "அப்ப ஓட்டல் வேலை?"

"போகல மாமா."

"பீஸ் எப்ப கட்டணும்?"

அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரலில் சர்க்யூட்ஸ் அரியரை முடித்துவிட்டேன். டிரான்ஸ்பார்மர் கேள்வி வந்தது, மூன்று பக்கம் எழுதினேன். கணக்கு இன்னும் பாக்கி. பொய் சொல்ல மாட்டேன், அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதலில் படிக்க வந்தவர்கள். ஒரு தடவை புகை வந்தால், "இது நமக்கு ஒத்து வராது" என்று நாமே பரணில் ஏற்றிவிடுகிறோம். ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பின்னால் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும்.