பட்டிப்பளை ஆறு

என் வாப்பாவின் வாயில் அது என்றும் பட்டிப்பளை ஆறுதான். "பட்டிப்பளையில தண்ணி கூடிட்டாம், வட்டைக்குப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று மண்வெட்டியைத் தோளில் போடுவார். பள்ளிக்கூடப் புத்தகம் அதே ஆற்றைக் கல்லோயா என்றது.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரத்தில் தண்ணீரைத் தேக்கினார்கள். திட்டத்தின் பெயரே கடிதம், வரைபடம், நீர்ப்பாசன அறிவித்தல் எல்லாவற்றிலும் ஆற்றின் பெயராக நிலைத்தது. அந்தச் சிங்களப் பெயரில் உள்ள 'கல்' என்பதும் நம் கல்முனையின் கல்லைப் போலக் கல்லைத்தான் குறிக்கிறது. அந்தப் பெயரோடு எனக்குப் பிணக்கில்லை. மாடுகளின் பட்டியை நினைவூட்டும் மற்றப் பெயர் ஏடுகளில் பின்தங்கி, பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு நின்றுபோனதே என் கவலை.

ஆற்றுப் பெயர்கள் இலேசில் சாவதில்லை. கருங்கடலுக்கு வடக்கே தொன், நீப்பர், நீஸ்டர் என்று ஓடும் ஆறுகளின் கரைகளில் இன்று ரஷ்யரும் உக்ரேனியரும் வாழ்கிறார்கள். பெயர்களோ சிதியர், சர்மாத்தியர் என்ற பழைய ஈரானிய மொழியினர் விட்டுப்போனவை என்பது பெரும்பாலான மொழியியலாளரின் முடிவு. அவர்களுடைய மொழிக் கிளையில் எஞ்சிய ஒசெத்தியத்தில் 'தொன்' என்றால் இன்றும் தண்ணீர். சிலாவியர் பிறகு வந்தவர்கள். கரையில் நின்றவர்களிடம் கேட்ட பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வோல்கா ஆற்றைத் தாத்தாரியர் இன்றும் 'இதெல்' என்கிறார்கள். ஓராற்றுக்கு இரண்டு பெயர் இருப்பதால் எவருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

பேராற்றின் பெயரையாவது யாரோ எங்கோ எழுதியிருப்பார்கள். சின்ன நீரோட்டங்களை நினைத்தால்தான் மனம் பதைக்கிறது. தில்லையாறு என்ற பெயரில் உப்புக்கரையில் வளரும் தில்லை மரம் இருக்கிறது. மரத்தை வெட்டினாலும் அந்தக் கரை எப்படி இருந்தது என்பதைப் பெயர் சொல்லும். களியோடையில் மண் தெரிகிறது. சாய்ந்தமருதில் தோணா என்ற சொல்லைக் கேட்டாலே மாரி வெள்ளம் கடலுக்குப் போகும் வழி விளங்கும். ஓடையென்று பெயர் கிடந்த இடத்தில் மண்ணை நிரப்பி வீடு கட்டினால் மழைத்தண்ணீர் எங்கே போகும்?

வாய்க்காலுக்கும் மதகுக்கும் முகத்துவாரத்துக்கும் பெயர் தெரிந்த வட்டவிதானைமார், தோணிக்காரர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலிலேயே இருக்கிறது. அங்கே தமிழும் புவியியலும் படிக்கிற பிள்ளைகள் ஒரு கொப்பியோடு வட்டைக்குள் இறங்கி, பெயர்களையும் அவற்றின் கதைகளையும் இந்தப் போகத்திலேயே எழுதத் தொடங்கட்டும்.