பந்து தைக்கும் ஊர்

சிவகாசிக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் கேட்கிற முதல் கேள்வி, "இங்க என்ன தயாராகுது?" என்பதுதான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஏடாவுக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்தப் புத்திதான். சுமார் 5,000 பேர் வாழும் சிற்றூர். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும். அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் 1941 முதல் வில்சன் நிறுவனத்தின் பந்துதான். 1955 முதல் அந்தப் பந்து தயாராவது இந்த ஊரில்.

"மாமா, இது நம்ம ஃபுட்பால் இல்ல. கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம்" என்று காரிலேயே எச்சரித்திருந்தான் தங்கை மகன். ஆட்டம் கிடக்கட்டும், முதலில் ஆலையைப் பார்ப்போம் என்றேன்.

பந்துக்கு நாலு தோல் துண்டுகள். தோல் சிகாகோவிலிருந்து வரும் மாட்டுத்தோல். உள்பக்கம் வெளியே தெரியும்படி நாலையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் வேடிக்கை. தைத்த பந்தை நீராவியில் இளக்கி, திறந்திருக்கும் சின்ன வாய் வழியாக முழுசாகப் புரட்டி எடுக்க வேண்டும். தடித்த தோல் அவ்வளவு லேசில் வழிக்கு வராது. புரட்டுகிறவர் தோளையும் இடுப்பையும் கொடுத்து மல்லுக்கட்டினார். ஒரு பந்து முடிந்ததும் மூச்சுகூட வாங்காமல் அடுத்ததை எடுத்தார். பிறகு உள்ளே ரப்பர் பை வைத்து, வாயை வெள்ளை வாரால் இழுத்துக் கட்டுவது இன்னொருவர் வேலை. அந்த அம்மாளின் கையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். நம்மூரில் பட்டாசுச் சரம் பின்னும் பெண்களுக்கும் இப்படித்தான், பேச்சு ஒரு பக்கம் ஓடும், விரல் ஒரு பக்கம் ஓடும்.

அந்த வார் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. எறிகிறவன் விரல்களை அதன்மேல் வைத்துத்தான் பந்தைச் சுழற்றிவிடுகிறான். சுழன்றால்தான் அது ஆடாமல் நேராகப் பாயும். இப்படி முன்னால் எறிவதே ஒருகாலத்தில் தப்பாட்டம். கூட்டமாக முட்டி மோதித்தான் முன்னேற வேண்டும். 1905 பருவத்தில் மட்டும் 18 பேருக்குக் குறையாமல் ஆடுகளத்து அடியால் செத்துப்போனார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் முன்னால் எறியலாம் என்று விதி வந்தது.

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ என்ற விதிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். 2012 செப்டம்பரில் எங்கள் பக்கத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பது பேருக்கு மேல் கருகியபோது, அந்த விதிகள் எதற்கு என்று ஊருக்கே மறுபடி உறைத்தது. அமெரிக்கர்களும் விதி, கவசம் என்று சேர்த்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் 2002-இல் இறந்த பிட்ஸ்பர்க் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப விழுந்த அடி உள்ளே செய்திருந்த சேதத்தைக் கண்டுபிடித்தார். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே குலுங்கும் மூளையை அது என்ன செய்யும்? ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. அதைக் குறைசொல்லும் யோக்கியதை எங்கள் ஊர்க்காரனுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றுக்குப் போனோம். பள்ளி ஆட்டங்களுக்குக் கூட்டம் குறையக் கூடாது என்று, இலையுதிர் கால வெள்ளி இரவுகளில் தொழில்முறை ஆட்டத்தை டி.வி.யில் காட்டாதபடி 1960-களில் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். பேண்டு வாத்தியம், துள்ளிக் குதிக்கும் பெண்பிள்ளைகள், போர்வை போர்த்திய தாத்தாக்கள் என்று ஊரே காலரியில்.

பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. முன்னேறினால் புதிதாக நாலு; இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் 6 புள்ளி, கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. பந்து கைமாறினால் இரு பக்கத்திலும் பதினொரு பேருமே மாறலாம். தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம். ஐந்து விநாடி ஆட்டம், அரை நிமிடம் ஆலோசனை. எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

பந்து விழுந்த இடம் பத்து கஜமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. இரண்டு கழிகளுக்கு நடுவே பத்து கஜச் சங்கிலி. அதைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் களத்துக்குள் ஓடிவந்தார்கள். தொழில்முறை லீக்கில் 2025 முதல் அளப்பது கேமரா. இங்கே இன்னும் சங்கிலிதான். இழுத்துப் பிடித்தார்கள். பந்தின் மூக்கு விரற்கடை அளவு தாண்டியிருந்தது. காலரி குதித்தது, நானும்தான்.

அடுத்த எறியில் உள்ளூர்ப் பையன் எல்லையைத் தாண்டினான். கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வாணம் ஏறிப் பச்சையாக விரிந்தது. மருமகன் என் முகத்தைப் பார்த்தான்.

"சீனச் சரக்கு, மாப்ளே. இந்த நாட்டுல பாதிக்கு மேல அதுதான். ஆனா நிறம் சுத்தம், ஒத்துக்கணும்" என்றேன்.