'அந்த இடத்து'க்கு ஒரு நம்பர்!

மெடிக்கல் கோடிங் வேலைன்னு சொன்னா, "ஓ, மருந்துக் கடையா?"ன்னு கேட்கறவங்க எங்க ஊர்ல இன்னும் இருக்காங்க. விஷயம் இதான். அமெரிக்காவுல ஒருத்தர் கையை வெட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். டாக்டர் குறிப்பு எழுதுவார். அதைப் படிச்சு, எந்த இடம், என்ன காயம்னு பார்த்து கோடு போடறது சென்னையில உட்கார்ந்திருக்கற என்னை மாதிரி ஆசாமிங்க. கோடு சரியா இருந்தாத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் பணம் நகரும்.

டிரெய்னிங்ல 'எஸ்31' பக்கம் வந்த அன்னைக்கு வகுப்பே குனிஞ்சு சிரிச்சது. மேடம் அசரலை. ஆணுறுப்புல வெட்டுக்காயம், உள்ளே எதுவும் மாட்டலைன்னா எஸ்31.21. ஏதாவது மாட்டியிருந்தா 31.22. கடின்னா 31.25 (ஆமாம், அதுக்கும் தனி நம்பர் இருக்கு பாஸ்!). விதைப்பைன்னா 31.3 வரிசை. வெறும் சிராய்ப்புன்னா எஸ்30 பக்கம் போகணும். கடைசியில ஒரு எழுத்து: சிகிச்சை நடக்குதுன்னா 'ஏ', ஆறிக்கிட்டு வரும்போது பார்க்க வந்தா 'டி', பின்விளைவுன்னா 'எஸ்'. 2015 அக்டோபர் 1-லேர்ந்து அமெரிக்காவுல இந்த முறைதான்.

இவ்வளவு நுணுக்கமா பிரிச்சு வெச்சிருந்தும், வெட்கம் அதைக் கவுத்துடும். நோயாளி இழுத்து மென்னு முழுங்கி "கவட்டைப் பக்கம்"னு சொல்லி, டாக்டரும் அப்படியே எழுதிட்டா, எங்க புத்தகப்படி அது வயிற்றுச் சுவர் கணக்குல போயிடும். எஸ்31.1. நாங்களா யூகிச்சு மாத்தக் கூடாது, டாக்டர்கிட்ட திருப்பிக் கேட்கணும். கேட்காம விட்டா, விதைப்பைக் காயம் வயித்துக் காயமாயிடும்.

அமெரிக்காவை விடுங்க. எங்க மேன்ஷன்லயே நடந்தது. ரூம்மேட் ரெண்டு நாளா கால் அகட்டி நடந்தான். "கட்டி மச்சி"ன்னான். மூணாம் நாள் காய்ச்சல். ஷேவ் பண்றப்ப பிளேடு விதைப்பையில இறங்கியிருக்கு. பயல் மஞ்சள்தூளை அப்பிக்கிட்டுப் படுத்திருக்கான்! ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா, கவுன்ட்டர்ல நாலு பேர் நடுவுல "என்ன பிரச்னை, சத்தமா சொல்லுங்க"ன்னாங்க. "தொடையில அடி"ன்னுட்டான். சீட்டுல தொடைன்னே எழுதியாச்சு. அந்தக் கேள்வியை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

உள்ளே டாக்டர் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. அந்தப் பகுதியில கிருமி வெச்சா சில சமயம் மடமடன்னு பரவி, சதையையே அழுக வெச்சுடுமாம். சர்க்கரை உள்ளவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். "இன்னும் ரெண்டு நாள் மஞ்சள் போட்டிருந்தா, இங்கே உன்னைப் பார்த்திருக்க மாட்டேன், ஆபரேஷன் தியேட்டர்ல பார்த்திருப்பேன்"னார் அவன்கிட்ட.

நான் அவரைக் குடைஞ்சு கேட்டுக்கிட்டது: ரத்தம் வந்தா சுத்தமான துணியால பத்து நிமிஷம் விடாம அழுத்தணும். நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. குழாய்த் தண்ணியில கழுவணும், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேணாம். அழுத்தியும் ரத்தம் நிக்கலை, சிறுநீர் வர்ற துவாரத்துல ரத்தம், சிறுநீர் போக முடியலை, பை வீங்குது, ஆழமான வெட்டு... இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆட்டோ பிடிக்கணும். அழுக்கான காயம்னா, கடைசி டி.டி. ஊசி போட்டு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா மறுபடி போடணும். ஜிப்புல தோல் மாட்டிக்கிட்டா வெடுக்குனு இழுக்கக் கூடாது. ஜிப் தலையோட ரெண்டு தகட்டையும் இணைக்கற குட்டிப் பாலத்தை டாக்டர் கட்டரால வெட்டினா, அது தானா கழண்டு விழுந்துடுமாம்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு சம்மரியை முதல்ல நான்தான் பிடுங்கிப் படிச்சேன். டாக்டர் தொடையை அடிச்சுட்டு, இடம், நீளம், ஆழம் எல்லாம் தெளிவா எழுதியிருந்தார். மனசுக்குள்ளயே கோடு போட்டேன்: எஸ்31.31எக்ஸ்ஏ. அடுத்த வாரம் காட்டப் போனப்ப, கடைசி எழுத்து 'டி'.