வட்டைப் படியெடுத்த வரலாறு

சென்ற ஆண்டு யாமும் நண்பர் மூவரும் சொல்லடைவு ஒன்று தொகுக்கத் தொடங்கி, அதனை அமேசான் நிறுவனத்தாரின் மும்பை மேகக்கணினியொன்றில் வைத்திருந்தோம். செலவு மிச்சம் பிடிக்கக் கருதி ஒருநாள் அதனை நிறுத்தப் புகுந்த யாம், ‘ஸ்டாப்’ என்பதற்கு மாறாக ‘டெர்மினேட்’ என்பதை அழுத்திவிட்டோம். கணினியோடு அதன் மூலவட்டும் மறைந்தது. வேறு விதியாதவழி அவ்வாறு மறைவதே அதன் அமைப்பாம். நான்கு மாத உழைப்பு! தட்டெழுதிய நண்பரொருவர் இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை, பேசாதது நியாயமே.

நிற்க. கைக்குறிப்புக்களைக்கொண்டு மீண்டும் தட்டெழுதிய பின், கட்டளை வரியில் இயங்கும் சிறு நிரலொன்று எழுதினோம். ‘ஸ்னாப்ஷாட்’ என வழங்கும் படியை அது நாடோறும் எடுக்கும். முதற்படி வட்டில் எழுதப்பட்ட யாவற்றையும் கொள்ளும். பின்னவை மாறிய பகுதிகளை மட்டுமே கொள்ளும். இடையில் ஒரு படியை அழிப்பினும் ஏனைய படிகட்கு வேண்டுவன அழியா என்பது எமக்குப் பெருவியப்பளித்தது.

‘கிரான்’ என்னும் ஏவலாளனுக்கு இரவு 2 மணி எனக் குறித்தோம். அவனோ காலை 7.30க்கு எழுந்தான்! அக்கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவது. நண்பர்கள் தட்டெழுதும் வேளை அது; எழுதி முடியாத கோப்பு அரைகுறையாகவே படியிற் பதியக்கூடும். 20.30 எனத் திருத்தினோம்.

ஆயினும் ஐயம் அகலவில்லை. ஒரு சனிக்கிழமை, படியினின்று புதிய வட்டொன்றைப் படைத்து வேறொரு கணினியிற் பூட்டித் திறந்தோம். அந்நண்பர் தாம் முந்திய மாலையிற் சேர்த்த கடைசிச் சொல்லைத் தேடிப் பார்த்து, “இருக்கிறது” என்றார்.