மந்திரத்துக்கு யார் பில் கட்டுவது?

மூன்று வருடங்களாக ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பெயர் வைக்கவில்லை. அங்கே ராஜா யார், கடவுள் யார் என்பதுகூட முடிவாகவில்லை. ஆனால் அங்கே தெருவிளக்கு அணைந்துபோனால் யாரிடம் புகார் செய்ய வேண்டும், ஏணியைத் தூக்கிக்கொண்டு யார் வருவார், அவருக்கு ஓவர்டைம் உண்டா என்பதையெல்லாம் மூன்று நோட்டுப்புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறேன்.

தொழில் புத்தி அப்படி. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். கம்ப்ரசர், சில்லர், பம்ப் இவைதான் என் பிழைப்பு. சனிக்கிழமை இரவுகளில் பழைய கேம்பஸ் நண்பர்கள் நாலு பேர் கூடி, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு ஆடுவோம். உலகத்தை உண்டாக்குவது என் பொறுப்பு. அதற்குள் புகுந்து கலாட்டா பண்ணுவது அவர்கள் பொறுப்பு.

"டேய், டிராகன் எப்படிப் பறக்குதுன்னு கேக்க மாட்ட. விளக்குக்கு மெயிண்டனன்ஸ் யாருன்னு கேப்ப. ஃபேன்டசி லா இது!" என்பான் ஒருவன்.

டிராகன் ஒன்றுதான் இருக்கிறது, விளக்கு பத்தாயிரம் இருக்கிறதே என்பேன். ஒன்றே ஒன்று என்றால் அது அதிசயம். பத்தாயிரம் என்றால் ஸ்டோர் வேண்டும், ஸ்பேர் பார்ட் வேண்டும், காலையில் பஞ்ச் கார்டு அடித்து வேலைக்கு வரும் ஆள் வேண்டும்.

மிக முன்னேறிய தொழில்நுட்பம் பார்ப்பவர் கண்ணுக்கு மந்திரம் போலவே தெரியும் என்ற பொருளில் ஆர்தர் சி. கிளார்க் சொன்னது பிரபலம். எனக்கு அதில் ஒரு துணைக்கேள்வி உண்டு. யார் கண்ணுக்கு? பட்டனைத் தட்டுகிறவருக்கு எல்லாம் மந்திரம்தான். பின்னால் எண்ணெய்க் கறையோடு நிற்பவருக்கு எதுவும் மந்திரமில்லை. மந்திரத்தால் இயங்கும் முன்னேறிய சமுதாயம் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தால், முதலில் இந்த இரண்டு பேரையும் படைத்தாக வேண்டும்.

இதை நன்றாகச் செய்த படைப்பு என்று 2012-இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் கொர்ரா' என்ற கார்ட்டூன் தொடரைச் சொல்வேன். அதற்கு முந்தைய தொடரில் மின்னலை வரவழைப்பது அரச குடும்பத்தில் ஒருசிலருக்கு மட்டுமே கைவந்த வித்தை. கதைக்குள் எழுபது ஆண்டுகள் கழித்து, அதே மின்னலைச் சாதாரண இளைஞர்கள் மின்நிலையத்தில் வரிசையாக நின்று ஷிப்ட் முறையில் கூலிக்குப் பாய்ச்சுகிறார்கள். சில நொடிகளே வரும் காட்சி. மற்றவர்கள் சண்டைக்காட்சிகளை ரீவைண்ட் பண்ணினார்கள், நான் இதைப் பண்ணினேன். மந்திரம் கூலிவேலை ஆகும்போதுதான் அது தொழில்நுட்பம்.

நம்மிடமும் உதாரணம் உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவியைக் காப்பாற்றச் செய்வித்த மயிற்பொறியில் இயக்கும் முறை தெளிவாகச் சொல்லப்படுகிறது. வலப்பக்கம் திருகினால் பறக்கும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். விசயை தவம் எதுவும் செய்து பறக்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டு பறக்கிறாள். ஆகவே அதை நான் இயந்திரக் கணக்கிலேயே சேர்ப்பேன்.

அதைவிட என்னை ஆட்டுவது மணிமேகலையின் அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். பொறியாளன் கனவு காணும் கருவி. ஆனால் ஆபுத்திரன் கையில் அது இருந்த காலத்தில் இந்திரன் நாடெங்கும் மழை பெய்விக்கிறான். ஊரெல்லாம் செழிக்கிறது, பசித்தவர் யாருமில்லை, பாத்திரத்துக்கு வேலை இல்லை. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டு ஆபுத்திரன் கப்பலேறுகிறான். வழியில் ஆளில்லாத மணிபல்லவத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறான். பலருக்குச் சோறு போட வேண்டிய பாத்திரத்தை வைத்துத் தன் ஒரு வயிற்றை மட்டும் வளர்க்க மனமில்லாமல், கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். கருவி நன்றாகத்தான் இருக்கிறது, சுற்றி மனிதர்கள் இல்லை. உலகம் கட்டுகிறவர்கள் மறந்துவிடக்கூடாத பாடம் இது.

என் உலகத்தின் கருவி குரல்கல். ஒரு கல்லை இரண்டாகப் பிளந்தால், ஒரு பாதியில் பேசுவது எத்தனை கடல் தாண்டியும் மறுபாதியில் கேட்கும். அதற்கு ஒரேயொரு விதி வைத்தேன். கல்லின் மீது ஒரு மரப்பிசினைப் பூசாவிட்டால் குரல் கசிந்துவிடும். அந்த மரம் தெற்கே ஒரு காட்டில் மட்டுமே வளரும்.

இந்த விதியை நான் கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை. நம் காட்டிலிருந்து எடுத்தேன். 19-ஆம் நூற்றாண்டில் உலகத்தின் மிகப் பெரிய மந்திரம் கடலடித் தந்தி. 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பியும் சரி, 1866-இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பியும் சரி, உப்புநீர் புகாமல் இருக்க கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலால் உறையிடப்பட்டவை. அதைத் தந்தது மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளர்ந்த தாபான் மரம். ரப்பரைப் போல இதைக் கீறிப் பால் எடுப்பது சரிவராது, பால் சீக்கிரம் உறைந்துவிடும். அதனால் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு பெரிய மரத்திலிருந்து கிடைத்தது கொஞ்சமே. ஆயிரக்கணக்கான மைல் கம்பிக்கு எத்தனை மரம் விழுந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பல இடங்களில் முதிர்ந்த தாபானைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1871-க்குள் மதராஸ், பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடிக் கம்பியால் இணைந்துவிட்டன. அதே கடலின் மேல் நம் முன்னோர்கள் கப்பலில் நாள்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அடியில் சரக்கு விலை சொல்லும் தந்தி அதைவிடப் பலமடங்கு வேகத்தில் அவர்களைக் கடந்து போனது. கரை சேர்ந்தோம் என்று ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தந்தி கொடுக்கும் வசதி அவர்களில் யாருக்கு இருந்திருக்கும்?

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். அவர் வெட்டிய பால் டயராகி எந்தெந்த நாட்டிலோ ஓடியது. அவர் லயத்திலிருந்து கடைக்கு நடந்துதான் போனார். தோட்டத்தில் ஜெனரேட்டர் இருந்ததாம். ராத்திரி பத்து மணிக்கு லயத்துக்கு மட்டும் நின்றுவிடும், துரை பங்களாவுக்கு எரியும். "அப்ப எங்களுக்கு அது கோவமாவே தெரியலடா, கரண்டுன்னா அப்படித்தான்னு நெனச்சோம்" என்றார் அம்மா. பங்களாவுக்கு விளக்கு என்றால் விடியவிடிய எரிவது, லயத்துக்கு விளக்கு என்றால் பத்து மணிக்கு அணைவது. இரண்டும் இயற்கை விதி மாதிரி. கற்பனை உலகத்தில் மந்திரத்தின் விதிகளை எழுதும்போது இதைத்தான் கவனமாகப் பார்க்கிறேன். எது நிஜமாகவே விதி, எது யாரோ ஒருவர் கீழே இறக்கிவைத்த சுவிட்ச்?

போன மாதம் நண்பர்களின் குழு பிசின் வியாபாரியைப் பின்தொடர்ந்து தெற்குக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வெட்டுக்காரர்களின் குடிசைகளைப் பார்த்தார்கள். ஃபேன்டசி லா என்று சத்தம் போட்டவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "இவங்ககிட்ட குரல்கல் இருக்கா?" இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன். இல்லை என்றேன்.

உடனே ஒருத்தி மொத்தக் குரல்கல் வலையையும் உடைத்துவிடலாம் என்றாள். இன்னொருவன், போன வருடம் வெள்ள எச்சரிக்கை குரல்கல்லில் வந்ததால்தானே ஒரு ஊரே தப்பித்தது என்று நினைவுபடுத்தினான். இரண்டு பேர் சொன்னதும் சரி. தே தாரேக் ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது.

நிஜத்தில் டச்சுக்காரர்கள் ஜாவாவில் சிபெதிர் என்ற இடத்தில் இந்த மரத்தைத் தோட்டமாகவே வளர்த்து, வெட்டாமல் இலையிலிருந்து பால் எடுத்தார்கள். பிறகு 1933-இல் கண்டுபிடிக்கப்பட்ட பாலிஎத்திலீன் வந்து கட்டாபெர்ச்சாவின் வேலையை எடுத்துக்கொண்டது. என் உலகத்தில் பாலிஎத்திலீன் கிடையாது, அது நான் போட்ட விதி. மரம் நடலாம். வளரும்வரை பாதிக் குரல்கற்கள் ஊமையாகக் கிடக்கும். எந்தப் பாதி என்று தீர்மானிக்க அடுத்த சனிக்கிழமை சபை கூடுகிறது. வெட்டுக்காரர்களுக்கு அதில் ஓட்டு உண்டா என்று இப்போதே வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்கிறார்கள்.